வினிகர் என்று சொன்னேன்

மே மாதம் வேலூரில் ஆப்பிளைப் புளிக்க வைக்கிறவன்
ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும்
இல்லை ஏசி மெக்கானிக்காக.
நான் இரண்டும்.

நேதாஜி மார்க்கெட்டில், குளிர்கிடங்கில் கிடந்து
தோல் சுருங்கிய பழம், பெட்டி முந்நூறு ரூபாய்.
மிக்சியில் அரைத்து வேட்டியில் பிழிந்து
இருபது லிட்டர் தண்ணி கேனில் ஊற்றி
பேக்கரி ஈஸ்ட் தூவினேன்.
மூடியில் துளைபோட்டுச் சொருகிய சலைன் டியூப்
பெர்சிஸ் வாங்கி வந்தது.
"எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்றாள்,
நைட் டியூட்டிக்குச் செருப்பு மாட்டியபடி.

முதல் நாள் நிமிடத்துக்கு நாற்பது குமிழி.
மூன்றாம் நாள்
அழுகிய முட்டை.

பகலெல்லாம் சத்துவாச்சாரி பங்களாக்களை
இருபத்து நாலில் நிறுத்திவிட்டு வருகிறேன்,
என் சமையலறை முப்பத்தொன்பது.
ஈஸ்ட்டும் என்ன செய்யும்,
வெயிலில் நிற்க வைத்த யாரும்
ஏதாவது ஒன்றை விடத்தான் செய்வார்கள்.

கீழ்வீட்டு குணபூஷணம் மூக்கைப் பொத்திக்கொண்டு
கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார்.
ஏகாம்பரம் வந்தார், கையில் சோப்புத் தண்ணி.
ரெகுலேட்டரில் தடவினார், ஓசில் தடவினார்,
அடுப்புக் குமிழ் ஒவ்வொன்றிலும் தடவினார்.
ஒரு நுரையும் எழவில்லை.
அப்போது மூலையில்
ப்ளக்
என்றது.
"சிலிண்டர்ல லீக் இல்ல சார்.
அது இன்னா சார், அங்க முட்ட வுடுது?"

வினிகர், என்றேன்.
ஊறுகாய்க்கு.
அவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ரசீதில் 'கசிவு இல்லை' என்று எழுதினார்.

செம்பு கந்தகத்தைப் பிடிக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.
என் பையில் எது இல்லாவிட்டாலும்
செம்புக் குழாய்த் துண்டு இருக்கும்.
விரல் நீளம் வெட்டி, கொதிக்க வைத்து, நூலில் கட்டி இறக்கினேன்.
மறுநாள் காலை கறுத்துப்போய் வந்தது,
நாற்றம் முழுவதையும் தான் வாங்கிக்கொண்டு.
ஈரச் சாக்கு சுற்றினேன், டேபிள் ஃபேன் திருப்பினேன்,
குமிழி நாற்பதிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியது.
ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து
தினமும் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

அங்கேதான் பிசகு.
ஜெயித்த கை சும்மா இருக்காது.
திறந்த ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போனது,
காற்றோடு ஒரு பழ ஈ,
அதன் காலில் ஒட்டிக்கொண்டு வேறெதுவோ.
ஆடி பிறந்தபோது ஒரு டம்ளர் மொண்டேன்.
பல் கூசியது, கண்ணில் தண்ணி.
அசல் வினிகர்.
ஏகாம்பரத்திடம் நான் சொன்ன பொய்யை
அந்தக் கேன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறது.

அடுத்த சிலிண்டருக்கு வந்தபோது
"ஆச்சா சார், வினிகரு?" என்றார்.
ஒரு பாட்டில் கொடுத்தேன்.
வெங்காயம் போட்டுத் தின்றாராம்,
வீட்டில் இன்னொன்று கேட்கிறார்களாம்.

கார்த்திகையில் மறுபடி தொடங்கினேன்.
இந்த முறை மூடிக்கு மேல் ஒரு செங்கல்,
செங்கல்லுக்கு மேல் பெர்சிஸின் கையெழுத்தில்
'தொடாதே'.
இரவில் பாலாற்று மணலிலிருந்து குளிர் ஏறி வந்தது,
நான் ஒரு ஸ்க்ரூவும் திருகாமல்
அறை இருபதுக்கு வந்து நின்றது.
குமிழி நின்று பத்து நாள் கழித்து
பழைய சோடா பாட்டில்களில் அடைத்தேன்,
பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை.
கண்ணாடி வேண்டாம், வெடித்தால்
அவளுடைய வார்டுக்கே நான் போக வேண்டியிருக்கும்.

காலை ஏழரை. டியூட்டி முடித்து வந்தவள்
பையைக் கூட இறக்கவில்லை.
வரிசையில் நின்ற பாட்டில்களை ஒவ்வொன்றாக
இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்.
மூன்றாவதில் நின்றாள்.
"இதுக்கு பிரஷர் ஏறிடுச்சு" என்றாள்,
"உடனே அட்மிட் பண்ணு."

நான் பிரிட்ஜைத் திறந்தேன்.